கிளட்ச் இல்லாமல்

டாக்டர் முட்டியின் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். டிரைவருக்கு இரண்டு எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய சவ்வைக் காணோம் என்றார் டாக்டர். தேய்ந்துவிட்டது.

"கிளட்ச் மிதிக்கிற காலா?"

"ஆமாங்க. இடது காலு."

"இனிமே மிதிக்காதீங்க."

அவ்வளவுதான். வெளியே அடுத்த ஆள் இருமிக்கொண்டிருந்தார். டிரைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவர் ஓட்டியது டிப்பர் லாரி. குவாரியில் கல்லை ஏற்றி, மேட்டைத் தாண்டிக் கல் உடைக்கும் கிரஷரில் கொட்டிவிட்டு, காலி வண்டியோடு திரும்ப வேண்டும். வழி நெடுக ஏற்றமும் இறக்கமும். ஒரு நடைக்கு எத்தனை தடவை கியர் மாற்றுகிறோம் என்று அவர் எண்ணியதே இல்லை. முட்டி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

வீடு, லாரிகள் நிற்கும் யார்டின் பின்சுவரை ஒட்டிக் கம்பெனி கட்டியிருந்த வரிசையில் கடைசி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பின்பக்கம் துணி காயப்போட ஒரு முழ இடம். வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். வேலை போன மறுமாதம் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். எதிர் வீட்டுக்காரர் அப்படிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரேக்கை நேரத்துக்கு மிதிக்க முடியாமல் கிரஷர் சுவரில் மோதியவர். அவர் போன பிறகுதான் புது உத்தரவு வந்தது. ஐம்பதைத் தாண்டிய டிரைவர்கள் எல்லோரையும் தலைமை அலுவலகத்து ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச்சொல்லிப் பார்ப்பார். தேறாதவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

டிரைவர் ஐம்பதைத் தாண்டிச் சில வருஷம் ஆகியிருந்தது.

விஷயத்தை மச்சினனிடம்தான் முதலில் சொன்னார். மனைவியின் தம்பி அவன். அதே யார்டில் மெக்கானிக். ஒரு லாரியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தான். காலிரண்டும்தான் வெளியே தெரிந்தன. டிரைவர் அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

கால்கள் சற்று நேரம் அசையவில்லை. பிறகு மெக்கானிக் முதுகால் நகர்ந்து வெளியே வந்தான்.

"கிளட்ச் போன வண்டி எத்தனையோ பாத்துட்டேன் மாமா. கிளட்ச் போன டிரைவர இப்பதான் பாக்கறேன்."

"சிரி. நல்லா சிரி."

"எங்க சிரிக்கறேன்? அக்காவுக்குத் தெரியுமா?"

"மருந்து தேய்க்கறதே அவதானே. டாக்டர் சொன்னதச் சொல்லல."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தான். அழுக்குத் துணி. கை இன்னும் கறுத்தது.

"நடுரோட்டுல கிளட்ச் போயி நிக்கற வண்டிய நான் எப்படி ஷெட்டுக்குக் கொண்டு வரேன்? தோள்ல தூக்கிட்டா?"

"கயிறு கட்டி இழுத்துட்டு வருவ."

"நல்லா சொன்னீங்க. கயிறு கட்டி இழுக்கறதுக்கு நான் எதுக்கு? ஓட்டிட்டு வரேன் மாமா. கிளட்ச்ச தொடாம ஒண்ணொண்ணா கியர் போட்டு ஓட்டிட்டு வரேன்."

டிரைவர் கேள்விப்பட்டிருந்தார். சிலர் அப்படி ஓட்டுவார்கள். அது வாலிப வயதில் பந்தயம் கட்டிச் செய்கிற வேலை என்று நினைத்திருந்தார்.

"கெளம்பறப்ப ஒரு மிதி. நிக்கறப்ப ஒரு மிதி. நடுவுல அந்தக் கால எடுத்து மடியில வச்சுக்கங்க. ஒரு பய கண்டுபிடிக்க முடியாது" என்றான் மெக்கானிக்.

மறுநாளிலிருந்து, வேலை ஓய்ந்த மாலைகளில், வண்டியைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மெக்கானிக் டிரைவரோடு ஏறிக்கொண்டான். குவாரிக்குப் பின்னால் கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஒரு மண் பாதை. அங்கேதான் பாடம்.

பாடம் என்னவோ சின்னதுதான். ஆக்சிலேட்டரில் இருந்து காலை லேசாக எடு. கியர் ராடை நியூட்ரலுக்கு இழு. இன்ஜின் வேகம் இறங்கும். சக்கரத்தின் வேகமும் அதன் வேகமும் ஒன்றாகிற ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் அடுத்த கியர் தானாக உள்ளே போகும். கீழ் கியருக்கு வருவதென்றால் இதற்கு நேர்மாறு. நியூட்ரலில் ஆக்சிலேட்டரைக் கொடுத்து வேகத்தை ஏற்ற வேண்டும். கிளட்ச்சை மிதித்தால் கியர் பெட்டி பிழை பொறுக்கும். மிதிக்காவிட்டால் பொறுக்காது.

"ராடு மேல ரெண்டு விரல் போதும். இறுக்காதீங்க. மாட்டோட கயிறு மாதிரி பிடிச்சீங்கன்னா அதுவும் இழுக்கும்" என்றான் மெக்கானிக். "விரல்ல ஒரு நடுக்கம் தெரியும். அது குறைஞ்சு குறைஞ்சு நின்னு போற இடம் ஒண்ணு இருக்கு. அங்க விடுங்க. வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி எறங்கும்."

டிரைவர் இரண்டு விரலை வைத்தார். வண்டி முழுவதும் நடுங்கியது. ராடும் நடுங்கியது, இருக்கையும் நடுங்கியது, அவருடைய பல்லும் நடுங்கியது. இதில் எது நின்றுபோகிற நடுக்கம் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாகத் தள்ளினார். பெட்டிக்குள் இரும்பு இரும்பைக் கடித்தது. ராடு எகிறி உள்ளங்கையில் அடித்தது.

"அய்யோ" என்றான் மெக்கானிக். ராடைத் தடவிக்கொடுத்தான்.

"எனக்கு அடிபட்டிருக்குடா."

"உங்களுக்கு ஆறிடும் மாமா. இதுக்குப் பல்லு உடைஞ்சா மொளைக்காது."

மறுபடி தள்ளினார். மறுபடி கடித்தது. எதிரே காலி லாரியில் வந்த சொட்டை, தலைமுடி கொட்டிப்போனதால் எல்லோராலும் அப்படி அழைக்கப்பட்ட இன்னொரு டிரைவர், வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னண்ணே, வண்டிக்குள்ளயே கல்லு அரைக்கறீங்களா? கிரஷர் அந்தப் பக்கம்ணே."

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

சொட்டை சிரித்துக்கொண்டே போனார்.

மாலைகள் இப்படிப் போயின. டிரைவரின் உள்ளங்கை வருஷக்கணக்காக ராடைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துக் கிடந்தது. அதில் சூடு கூடச் சட்டென்று உறைக்காது. மெக்கானிக்கின் கையோ வேறு. கண்ணை மூடிக்கொண்டு திருகாணியைத் தொட்டு அதன் அளவைச் சொல்கிற கை. அவன் தன் கைக்குத் தெரிந்ததை இவருடைய கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இவருடைய கைக்கு அது கேட்கவில்லை.

இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் உயிரோடு இருந்திருந்தால் அதைப் பார்த்தாவது பழகியிருக்கலாம். அது என்றைக்கோ பூஜ்யத்தில் படுத்துவிட்டது. எழுதிப் போட்டும் மாற்று வரவில்லை.

ஒரு நாள் மெக்கானிக் வரவில்லை. டிரைவர் தனியாகப் பள்ளத்தைச் சுற்றினார். வெயில் பின்வாங்கியிருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை, யாரும் அய்யோ என்று சொல்லவில்லை. நியூட்ரலுக்கு இழுத்துவிட்டு, எரிச்சலில், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தார்.

அப்போதுதான் சத்தத்தைக் கேட்டார்.

வண்டியின் சைலன்சரில் ஓர் ஓட்டை இருந்தது. எப்போதோ குவாரியில் கல் தெறித்துப் போட்ட ஓட்டை. விரல் நுழைகிற அகலம். அது போட்ட சத்தம் அவருக்குப் பழகிப்போய், இருப்பதே மறந்துபோயிருந்தது. இன்ஜின் வேகமாக ஓடும்போது அது ஒரே முணுமுணுப்பு. காலை எடுத்ததும் உடைந்தது. பிரிந்தது. நெருக்கமாகப் படபடத்தது. பிறகு இன்னும் பிரிந்து, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக, கதவை யாரோ பொறுமையாகத் தட்டுவது போலக் கேட்டது.

படபடப்பு தட்டலாக மாறும் இடத்தில் ராடை முன்னால் விட்டார்.

உள்ளே போயிற்று. கடிக்கவில்லை, எகிறவில்லை. கியர் மாறியதே வண்டிக்குத் தெரியாதது போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் கியர் ராடைக் குனிந்து பார்த்தார். மாறித்தான் இருந்தது. இடது கால் தரையில் சும்மா கிடந்தது, பயணி மாதிரி.

இன்னொரு சுற்று போனார். இன்னொன்று. கீழ் கியருக்குத் தட்டலைப் படபடப்பாக ஏற்றி, படபடப்பு முணுமுணுப்பில் கரையப்போகும் விளிம்பில் விட வேண்டும். ஒவ்வொரு கியருக்கும் ஓர் இடம். இருட்டுவதற்குள் எல்லா இடமும் காதுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு முட்டி வலிக்காமல் ஒரு வேலை முடிந்திருந்தது.

அடுத்த மாலை மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டிரைவர் பள்ளத்தை ஒரு முறை முழுசாகச் சுற்றி வந்தார். மெக்கானிக் மூச்சுவிடவில்லை. சுற்று முடிந்ததும் தொடையில் தட்டினான்.

"கையில வந்துடுச்சா?"

டிரைவர் அவன் முகத்தைப் பார்த்தார். பெற்றவன் மாதிரி மலர்ந்திருந்தான். கைக்கு இன்னும் ஒரு மண்ணும் தெரியாது, உன் சைலன்சர் ஓட்டைதான் எனக்கு வாத்தியார் என்று சொன்னால் யார்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். சிரித்தால்கூடப் பரவாயில்லை. அந்த முகம் கொஞ்சம் வாடும்.

"வந்துடுச்சு" என்றார்.

"நான் சொன்னேன்ல? ரெண்டே விரல்."

"ஆமா. ரெண்டே விரல்."

அதன் பிறகு கல் ஏற்றிய வண்டியிலும் பழகினார். பாரம் ஏறினால் சத்தம் கனமாகும், இடம் மாறாது. வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள்ளேயே ஓட்டினார். டர்ர்ர்... பட பட பட... பட். பட்.

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"வாயாலயே லாரி ஓட்டறீங்களே, வழியில என்னையும் எறக்கி விடுவீங்களா?"

"எங்க போகணும் உனக்கு?"

"எங்கயாச்சும். இந்த நாலு சுவரு இல்லாத எடத்துக்கு."

"அதுக்கு லோடு ஏத்த மாட்டாங்க."

அவள் சிரித்தாள். பிறகு தலையைச் சாய்த்து, "இது நம்ம வண்டி சத்தம்தானே?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க. இத்தன வருஷமா அந்தச் சத்தத்த வச்சுத்தானே அடுப்பு மூட்டறேன். மேட்டுல ஏறறப்பவே கேட்டுடும். படபடன்னு வருவீங்க. நீங்க வண்டிய நிறுத்தி, கை கழுவி வர்றதுக்கும் சாப்பாடு சூடாகறதுக்கும் சரியா இருக்கும். என் தம்பி வண்டியெல்லாம் பாத்துப் பாத்து சரி பண்றானாம், இந்த ஒரு ஓட்டைய மட்டும் அடைக்க நேரமில்ல."

"அத யாரும் தொட வேணாம்" என்றார் டிரைவர்.

அவள் அவரைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

சோதனைக்கு முதல் நாள் சொட்டை தேறிவிட்டு வந்தார். டீ டம்ளரோடு யார்டில் நின்றவர்களிடம், "பெரிய ஆபீசுலேர்ந்து வந்திருக்கற அந்தம்மா பேசாது. பாக்கும். நம்ம சட்டைப் பொத்தான் வரைக்கும் பாக்கும்" என்றார்.

"உன்கிட்ட பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் டிரைவர்.

"தலையத்தான் பாத்துச்சு. கண்ணு கூசியிருக்கும், பாஸ் போட்டுட்டு எறங்கிடுச்சு."

அன்று டிரைவர் நன்றாகத் தூங்கினார்.

காலையில் யார்டுக்குப் போனபோது லாரி கழுவப்பட்டு நின்றது. கண்ணாடிகள் மின்னின. சக்கர மண் சுரண்டப்பட்டிருந்தது. தலைமை அலுவலகத்து அம்மாள் ஏற்கெனவே மேலே ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கால்சட்டை, தடித்த காலணி, மடியில் ஓர் அட்டை. மெக்கானிக் சாவியை நீட்டினான். விடியற்காலையிலிருந்து வேலை செய்த களைப்பு முகத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு சிரிப்பும்.

"கொஞ்சம் வேலை பாத்து வச்சிருக்கேன் மாமா. எடுத்தீங்கன்னா தெரியும்" என்று காதருகே சொன்னான். "அந்தம்மா வண்டியையும் சேர்த்துத்தான் பாக்குமாம்."

டிரைவர் வலது காலை முதலில் வைத்து ஏறினார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். கதவுப் பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தார். சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் ஓடியது. ஓடுகிறது என்பது இருக்கையின் நடுக்கத்தில் தெரிந்தது. பக்கத்து அறையில் மின்விசிறி சுற்றுவது போல ஒரு முனகல் இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

டிரைவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தார். முனகல் கொஞ்சம் பெரிதாயிற்று. காலை எடுத்தார். சிறிதாயிற்று. எங்கும் உடையவில்லை.

கீழே மெக்கானிக் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். ரெண்டே விரல்.

"போலாமா?" என்றார் அந்த அம்மாள்.

இறங்கிப் போய், ஓட்டையில் அடைத்ததைப் பிடுங்கு என்று சொல்லலாம். எதற்கு என்று கேட்பான். எதற்கு என்று இந்த அம்மாளும் கேட்பார். டிரைவர் இடது காலால் கிளட்ச்சை மிதித்தார். இந்த மிதி எப்படியும் மிதிக்க வேண்டியதுதான். முட்டிக்குள் ஊசி இறங்கியது. வண்டி நகர்ந்தது.

சமதரையில் முதல் மாற்றம். நியூட்ரலுக்கு இழுத்தார். கேட்டார். முனகல் மெல்ல அடங்கிக்கொண்டே போயிற்று. இங்கேயா? இன்னுமா? தள்ளினார். பெட்டி கடித்தது. அந்த அம்மாளின் கண் ராடுக்கு வந்துவிட்டுப் போனது. டிரைவர் கிளட்ச்சை மிதித்துப் போட்டார்.

அடுத்ததற்கு விரல்களை நம்பிப் பார்த்தார். மச்சினன் சொன்ன நடுக்கத்தைத் தேடினார். காய்த்த தோலுக்கு அடியில் எங்கோ அது இருந்திருக்க வேண்டும். கடித்தது. மிதித்தார். குவாரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு மிதிக்கும் கால் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அம்மாள் இப்போது ராடைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

கல் ஏற்றினார்கள். வண்டி அமிழ்ந்தது.

கிரஷருக்குப் போகும் மேடு தொடங்கும் இடத்தில் வேகம் இறங்கியது. இரண்டு கியர் கீழே வர வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. முதலாவதைக் கிளட்ச்சை மிதித்துப் போட்டார். இரண்டாவதுக்குக் கால் எழவில்லை. எழு என்று சொன்னார். அது வேறு யாருடைய காலோ போலக் கிடந்தது. மேடு ஏற ஏற வண்டி திணறியது. ராடை நியூட்ரலுக்கு இழுத்து ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். எங்கே அந்தப் படபடப்பு? வாய்க்குள் தானே போட்டுக்கொண்டார். டர்ர்ர். தன் வாய்ச் சத்தத்துக்குத் தக்கபடி ராடைத் தள்ளினார்.

பெட்டி அலறியது. ராடு எகிறி விரல்களை மடக்கி அடித்தது. வண்டி எந்தக் கியரிலும் இல்லை. ஒரு கணம் மேட்டில் அந்தரமாக நின்றது. பிறகு பின்னால் உருளத் தொடங்கியது.

வலது கால் பிரேக்கை மிதித்தது. நல்ல கால். வண்டி நின்றது. பின்தொட்டியில் கற்கள் ஒரு முறை குலுங்கி அடங்கின. கண்ணாடியில் பின்னால் வந்த லாரி தெரிந்தது. தள்ளித்தான் நின்றது.

அம்மாள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். இவருடைய கை அதற்குள் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு காலு?"

டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் இல்லாம போட யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லங்க. நானா பழகினேன்."

"காலு நல்லா இருக்கறவங்க அப்படி ஓட்டினா அது கெட்டிக்காரத்தனம். என்கூட ஓட்டினவங்க சில பேரு ஓட்டுவாங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "நீங்க மிதிச்சே ஆகணும்னு ஒரு எடம் வரும்ல? இந்த மாதிரி. அப்ப?"

அவர் கேட்டது சரிதான். எதிர் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அன்று, இந்த வயசுல அந்தாளு ஓட்டியிருக்கக் கூடாது என்று டிரைவரே மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"எறங்கி இந்தப் பக்கம் வாங்க. நான் எடுக்கறேன்."

டிரைவர் இறங்கி, வண்டியின் முகப்பைச் சுற்றி நொண்டிக்கொண்டு வந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த லாரியின் மறுபக்க இருக்கையில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. சாலை வேறு மாதிரி தெரிந்தது. அம்மாள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். கிளட்ச்சை மிதித்து, விட்டு, மேட்டிலிருந்து வண்டியைக் கிளப்பினார். ஒரு கல் உருளவில்லை. அதன் பிறகு கியர் மாறியது எதுவும் டிரைவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் தெரிந்தது. அந்த அம்மாளின் இடது கால் இறங்கி ஏறுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். எவ்வளவு சுலபமாக மடங்குகிறது.

யார்டுக்குத் திரும்பியதும் அம்மாள் அட்டையில் ஏதோ எழுதினார். இறங்கும்போது, "வண்டிய நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அதை மட்டும் மனதாரச் சொன்னார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. டிரைவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்த மனைவி திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்க? வண்டி வந்த சத்தமே கேக்கலையே. இன்னும் அடுப்பே மூட்டல."

டிரைவருக்குப் பின்னாலேயே மெக்கானிக் உள்ளே வந்தான். ஓடி வந்திருந்தான்.

"எப்படிக்கா கேக்கும்? நான் காலையில உக்காந்து ஓட்டைக்குத் தகடு வச்சு வெல்டு அடிச்சிருக்கேன்ல. புது வண்டி மாதிரி போகுதா இல்லையா? சொல்லுங்க மாமா." பிறகு டிரைவரின் முகத்தைப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"மேட்டுல காலு வரல."

"காலு எதுக்கு? கைதான் இருக்கே. கையில வந்துடுச்சே மாமா, நான் பாத்தேனே."

"வந்துது. இன்னைக்கு வரல."

"பதட்டம். பக்கத்துல ஆளு உக்காந்த பதட்டம்." மெக்கானிக் அறைக்குள் இரண்டடி நடந்தான். அதற்குமேல் நடக்க இடம் இல்லை. "இன்னொரு தடவ கேப்போம். நான் வந்து பேசறேன் ஆபீசுல. ஒரு வாரம் குடுத்தா போதும், மறுபடி பள்ளத்துக்குப் போவோம்."

"வேணாம்பா."

"ஏன் வேணாம்? விட்டுடுவீங்களா? அவ்வளவுதானா?"

"மிதிக்க வேண்டிய எடத்துல மிதிக்க முடியல. வண்டி பின்னாடி போச்சு. அந்தம்மா சொல்றது சரி."

மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நகத்தடியில் வெல்டிங் கருப்பு இருந்தது. கண்கள் சிவந்திருந்தன, தூங்காததால். "நான் வண்டியயாச்சும் நல்லா பண்ணிக் குடுத்தேன்" என்றான், யாரிடமோ வழக்குப் பேசுவது போல.

"நல்லா பண்ணியிருந்த. அந்தம்மாவே சொன்னாங்க" என்றார் டிரைவர்.

அவன் கை கழுவப் பின்பக்கம் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனைவி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை, கட்டிலில் உட்கார்ந்து லாரி ஓட்டிய டிரைவரின் வாயில் இருந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"எத?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சி பற்றவில்லை.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மெக்கானிக் பேசிக்கொண்டே இருந்தான். ஷெட்டில் உதவிக்கு ஆள் எடுப்பதாக ஒரு பேச்சு இருந்தது என்றான். குனிந்து நிமிர வேண்டிய வேலைதான், ஆனால் கேட்டுப் பார்க்கலாம் என்றான். டிரைவர் சரி என்றார். எந்தக் காலை ஊன்றிக் குனிவது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை லாரியை வேறு ஒருவர் எடுத்தார். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வண்டி சுவருக்கு அந்தப் பக்கம் கிளம்பியது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது, அதனால் வெளியே போகிறது என்று தெரிந்தது. அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை. மேட்டுக்கு வந்துவிட்டதா, ஏறுகிறதா, இறங்கிவிட்டதா. மனைவியும் அடுப்பை மூட்டாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள், பழக்கத்தில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அறையின் மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியை இழுத்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி அடுக்க ஆரம்பித்தாள்.

டிரைவரின் இடது கால் தரைக்குக் கொஞ்சம் மேலே தூக்கி நின்றது. எப்போது மிதிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.